மிலான் மேடை ஏறிய செருப்பு: பெயர் யாருக்கு, கூலி யாருக்கு?

2025 ஜூன் 22. இத்தாலியின் மிலான் நகரம். பிராடா என்ற புகழ்பெற்ற ஆடை அலங்கார நிறுவனம், அடுத்த ஆண்டுக் கோடைக்கான ஆண்கள் உடைகளை மேடையேற்றியது. நடந்து வந்த மாடல்களில் சிலரின் கால்களில் தோல் செருப்பு இருந்தது. தட்டையான அடி, குறுக்கே தோல் வார், கட்டைவிரல் நுழைய ஒரு வளையம். கோலாப்பூர் சந்தையிலும் பெலகாவி கடைத்தெருவிலும் தொங்கும் செருப்பை அறிந்தவர்கள் படத்தைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆனால் நிறுவனம் தந்த குறிப்பில் ‘தோல் செருப்பு’ என்று மட்டும்தான் இருந்தது. கோலாப்பூர் என்ற ஊரின் பெயர் இல்லை. இந்தியா என்ற நாட்டின் பெயரும் இல்லை.

எதிர்ப்பு கிளம்பியது. மகாராஷ்டிர வணிக, தொழில், வேளாண் கூட்டமைப்பு பிராடாவுக்குக் கடிதம் எழுதியது. இந்தியாவின் பழமையான கைவினைச் செருப்புகளைப் பார்த்துத்தான் இதை வடிவமைத்தோம் என்று நிறுவனம் பதில் கடிதத்தில் ஒப்புக்கொண்டது. ஜூலையில் அதன் ஆட்கள் கோலாப்பூருக்கே வந்து பட்டறைகளைப் பார்த்துச் சென்றார்கள்.

இந்த அளவுக்குச் செய்தி பலருக்கும் தெரியும். ‘இந்தியப் பாரம்பரியத்தை வெள்ளைக்காரன் திருடிவிட்டான்’ என்று தொலைக்காட்சி விவாதங்களில் பலர் கொதித்தார்கள். நாம் கவனித்தது வேறொன்று. பிராடா ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை என்று கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர், அந்தச் செருப்பைச் செய்கிறவர்கள் யார் என்பதைச் சொல்லவில்லை. ‘பாரம்பரியம்’ என்றார்கள், ‘கைவினைஞர்’ என்றார்கள், ‘நம் பெருமை’ என்றார்கள். சாதியின் பெயர் மட்டும் வாயில் வரவில்லை.

நாம் சொல்லிவிடுவோம். மகாராஷ்டிரத்தில் தோலைப் பதனிட்டவர்கள் தோர் சமூகத்தினர். செருப்பாக்கியவர்கள் சாம்பார் சமூகத்தினர். கர்நாடகப் பக்கத்தில் சமகார சமூகத்தினர். எல்லோரும் ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட பட்டியல் சாதியினர். செத்த மாட்டின் தோலைத் தொட்டதால் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டவர்களின் கைத்திறன்தான் இன்று தேசத்தின் பெருமையாகப் பேசப்படுகிறது.

தோலில் இருக்கும் அறிவு

கோலாப்புரிச் செருப்பை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். பழைய முறைப்படி செய்ததில் ஆணி இருக்காது. அடித்தோலையும் மேல்வாரையும் தோல் நூலாலேயே தைத்திருப்பார்கள். தோலைக் கருவேலம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊற வைத்துப் பதனிடுவார்கள். எவ்வளவு நாள் ஊற வேண்டும், எந்தப் பதத்தில் எடுக்க வேண்டும், மாட்டின் முதுகுத் தோல் எதற்கு, வயிற்றுத் தோல் எதற்கு என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கை அறிந்து வைத்திருக்கும் கணக்கு. மேல்வாரில் வரும் பின்னல் வேலையைப் பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து பெண்கள் செய்கிறார்கள். அந்தப் பெண்களின் பெயர் கடையிலும் இல்லை, கண்காட்சியிலும் இல்லை.

இதில் வேதியியல் இருக்கிறது, உடற்கூறு இருக்கிறது, வடிவமைப்பு இருக்கிறது. ஆனால் நம் பாடநூல்கள் இதை ‘குலத்தொழில்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டன. இதே வேலையை ஓர் இத்தாலியர் செய்தால் அவருக்கு ‘டிசைனர்’ என்று பெயர்.

கோலாப்பூர் என்ற ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அங்கே ஆட்சி செய்த சாகு மகராஜ் 1902இல் தம் அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் 50 விழுக்காடு இட ஒதுக்கீடு கொடுத்தவர். 1920 மார்ச்சில் மாணகாவ் மாநாட்டில் இளைஞர் அம்பேத்கரை மேடையேற்றி, உங்களுக்கான தலைவர் கிடைத்துவிட்டார் என்று மக்களிடம் அறிமுகம் செய்தவர். செருப்புத் தொழிலுக்கு ஆதரவு கொடுத்து வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மண்ணின் செருப்பு என்பதையும் சேர்த்துத்தான் நாம் இந்த வழக்கைப் பார்க்க வேண்டும்.

சட்டம் எதைக் காக்கிறது?

கோலாப்புரிச் செருப்புக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர், சாங்லி, சதாரா, சோலாப்பூர். கர்நாடகத்தில் பெலகாவி, தார்வாட், பாகல்கோட், விஜயபுரா என எட்டு மாவட்டங்களில் செய்வதற்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. இந்தக் குறியீடுகளைப் பதிவு செய்யும் அலுவலகம் நம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. 1999இல் இயற்றப்பட்ட சட்டம், 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அப்படியென்றால் பிராடா மீது வழக்குப் போட்டு நிறுத்தியிருக்கலாமே என்று மாணவர்கள் கேட்கலாம். வழக்கும் போடப்பட்டது. சில வழக்கறிஞர்கள் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார்கள். 2025 ஜூலையில் அது தள்ளுபடி ஆனது. குறியீட்டின் பதிவு உரிமையாளர் யாரோ அவரே நீதிமன்றத்துக்கு வரலாம், அவருக்காக மற்றவர்கள் பொதுநல மனு போட முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை.

இங்கே மூன்று விஷயங்களை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, புவிசார் குறியீடு காப்பது பெயரை, வடிவத்தை அல்ல. ‘கோலாப்புரி’ என்று போட்டு வெளியூர்ச் சரக்கை விற்றால் குற்றம். அதே வடிவத்தைச் செய்து, பெயரே சொல்லாமல் விற்றால் சட்டம் பிடிப்பது கடினம். ஆக, பெயரைச் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு மட்டுமன்று. சொல்லாதவருக்கு அதுவே பாதுகாப்பாகவும் ஆகிவிடுகிறது.

இரண்டாவது, இந்தச் சட்டத்தின் கை இந்திய எல்லைக்குள்தான் நீளும். மிலானில் நடப்பதற்கு அந்த நாட்டில் தனியே பாதுகாப்புத் தேட வேண்டும்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். பதிவு உரிமையாளர் யார்? செருப்புத் தைக்கிற குடும்பங்கள் அல்ல. இரண்டு அரசு நிறுவனங்கள். ஒன்று மகாராஷ்டிரத்தின் சந்த் ரோகிதாஸ் தோல் தொழில் வளர்ச்சிக் கழகம்; மற்றொன்று கர்நாடகத்தின் பாபு ஜகஜீவன்ராம் தோல் தொழில் வளர்ச்சிக் கழகம். கைவினைஞர் ஒவ்வொருவரும் தனித்தனியே ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று பதிந்துகொண்டால்தான் அந்தக் குறியீட்டைத் தன் சரக்கில் சட்டப்படி போட முடியும். அந்தப் படிவத்தை யார் நிரப்பித் தருவது, எந்த மொழியில் நிரப்புவது, அலுவலகத்துக்கு யார் அலைவது என்பவைதான் உண்மையான கேள்விகள். சட்டம் இருக்கிறது என்பதும், சட்டம் நம் கைக்கு எட்டுகிறது என்பதும் ஒன்றல்ல.

ஒப்பந்தத்தின் கணக்கு

2025 டிசம்பரில் பிராடா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மேலே சொன்ன இரண்டு அரசு நிறுவனங்களோடும் ஒப்பந்தம். மகாராஷ்டிர, கர்நாடகக் கைவினைஞர்களைக் கொண்டு 2,000 ஜோடி செருப்புகள் செய்யப்படும். ஒரு ஜோடியின் விலை சுமார் 800 யூரோ. 2026 பிப்ரவரியில் உலகெங்கும் 40 கடைகளிலும் இணையத்திலும் விற்பனைக்கு வரும். மூன்றாண்டுகளுக்குக் கைவினைஞர்களுக்குப் பயிற்சி. சிலருக்கு இத்தாலியில் உள்ள பிராடாவின் பயிற்சிக் கூடத்துக்குப் போகும் வாய்ப்பு. உழைப்புக்கு உரிய ஊதியம் தரப்படும் என்றும் சொல்லப்பட்டது.

இது வெற்றியா? ஒரு வகையில் வெற்றிதான். பெயரே சொல்லாமல் தொடங்கிய நிறுவனம் ஆறு மாதத்துக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வந்திருக்கிறது. மக்கள் சத்தம் போட்டதால்தான் வந்தது. இதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 2,000 ஜோடி, ஜோடிக்கு 800 யூரோ என்றால் மொத்தம் 16 லட்சம் யூரோ. நம் பணத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல். கோலாப்பூர்க் கடைத்தெருவில் சாதாரணச் செருப்பு சில நூறு ரூபாய்க்கும் நல்ல வேலைப்பாடு உள்ளது ஆயிரத்துக்கு மேலும் விற்கிறது. பிராடா செருப்பு ஒன்றின் விலை நம் பணத்தில் 80,000 ரூபாயைத் தாண்டுகிறது. இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவே இருக்கிற பெரும் பள்ளத்தில் தைத்தவருக்கு எத்தனை ரூபாய் என்பதுதான் கேள்வி. ‘உரிய ஊதியம்’ என்ற சொல் நல்ல சொல். அதற்குப் பக்கத்தில் ஓர் எண் வேண்டும்.

விலை உயர்ந்ததைக் குற்றம் சொல்லவில்லை. நம்மவர் கைவேலைக்கு 80,000 ரூபாய் மதிப்பு உண்டென்று உலகம் ஒப்புக்கொண்டால் நமக்கு மகிழ்ச்சியே. இவ்வளவு நாளும் 500 ரூபாய்ச் செருப்புக்கு 300 ரூபாய்க்குப் பேரம் பேசியவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

ஒரு பையும் ஒரு நாற்காலியும்

பிராடாவின் வழி ஒன்று. அதற்கு முன்பே மும்பையில் வேறொரு வழி திறந்திருந்தது.

2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் மாட்டிறைச்சித் தடைச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. காளை, எருது வெட்டுவதும் தடைக்குள் வந்தது. தோல் வரத்துக் குறைந்தது. தாராவி போன்ற இடங்களில் தோல் வேலை செய்தவர்கள் தவித்துப் போனார்கள். மறு ஆண்டு 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா பக்கம், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை வண்டியில் கட்டி வைத்து அடித்த காட்சியை நாடே பார்த்தது. அதற்குப் பதிலாக, செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டு, இனி உங்கள் மாட்டை நீங்களே எடுங்கள் என்றார்கள் அங்கிருந்த நம் மக்கள்.

இந்தச் சூழலில்தான் சுதீர் ராஜ்பர் என்ற ஓவியர் ‘சமார்’ என்ற பெயரிலேயே பை, இருக்கை முதலியவற்றைச் செய்யும் வடிவமைப்புக் கூடத்தைத் தொடங்கினார். தோலுக்குப் பதில் கழிவு ரப்பரை மறுசுழற்சி செய்த தகடுகள். வேலை செய்பவர்கள் தோல் தொழிலில் கை பழகிய தலித் கைவினைஞர்கள். அந்தக் கூடத்தின் நாற்காலிகள் 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி நகரில் நடந்த ‘டிசைன் மயாமி’ கண்காட்சியில் வைக்கப்பட்டன. பணக்காரச் சேகரிப்பாளர்கள் கூடும் இடம் அது. அங்கே பெயர்ப்பலகையில் ‘சமார்’ என்று எழுதியிருந்தது.

அந்தச் சொல்லை நினைத்துப் பாருங்கள். வட இந்தியத் தெருக்களில் வசவாக வீசப்படும் சொல். இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொதுவெளியில் ஒருவரை அப்படி அழைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் தெளிவாகச் சொன்னது. அந்தச் சொல்லையே விலையுயர்ந்த பையின் மேல் அச்சிட்டு, வாங்குகிறவர் வாயால் உச்சரிக்க வைப்பது ஓர் அரசியல் செயல்.

இதிலும் நம்மவர்களிடையே இரு கருத்து உண்டு. வசவுச் சொல்லைப் பெருமையாக்கலாம் என்பது ஒரு பக்கம். பணக்காரர் தோளில் தொங்கும்போது பெருமையாகும் சொல், சேரியில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லப்படும்போது வசவாகவே இருக்கிறது, சொல்லை மாற்றியதால் தெரு மாறிவிடவில்லை என்பது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பெயரால் வரும் வருமானத்திலும் முடிவெடுக்கும் இடத்திலும் அந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கண்காட்சிச் சுவரில் இதைவிட முன்பே குரல் கொடுத்தவர்களும் உண்டு. நாக்பூரைச் சேர்ந்த சவி சாவர்கர், பேஷ்வாக்கள் காலத்தில் எச்சில் துப்பக் கழுத்தில் மண்சட்டியும், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமுமாக நடக்க வைக்கப்பட்ட மனிதனைத் திரும்பத் திரும்ப வரைந்தார். நம் மதுரையின் பழனிக்குமார் மலக்குழியில் இறங்குவோரின் வாழ்க்கையைப் படமெடுத்தார்; தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைத்தார். படத்தில் இருப்பவர் யார் என்ற கேள்வியோடு, படமெடுப்பவர் யார் என்ற கேள்வியும் அங்கே சேர்ந்துகொண்டது.

செய்தவர் கால் வெறுங்கால்

செருப்பை அலங்காரப் பொருளாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு நம் ஊர்க் கதை தெரியாது. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் சுமார் 60 தலித் மக்கள் ஒரு தெரு வழியே நடந்தார்கள். ஊர்வலத்தில் சிறப்பு ஒன்றும் இல்லை. காலில் செருப்பு இருந்தது, அவ்வளவுதான். அந்தத் தெருவில் அவர்கள் செருப்புப் போட்டு நடந்தது அதுவே முதல் முறை.

மிலான் மேடையில் மாடல்கள் நடந்ததற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்னால் நடந்தது இது. அதைப் படம் பிடிக்க உலகத்து ஃபேஷன் பத்திரிகைகள் வரவில்லை. நம்மைக் கேட்டால், இந்த நாட்டில் நடந்த பெரிய செருப்பு அணிவகுப்பு அதுதான்.

கிராமத்துப் பெற்றோரும் மாணவர்களும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதை, புதுத்துணி உடுத்துவதை, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம். செருப்பு மாலை போடுவதும் குற்றம். ‘எங்க ஊர் வழக்கம்’ என்று எவர் சொன்னாலும் அது வழக்கமன்று, குற்றம்.

பாலாற்றங்கரைக் கணக்கு

தோல் என்றால் நம் பக்கத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் பதனிடும் கூடங்களும் ஷூ தொழிற்சாலைகளும்தான். வெளிநாட்டுக் கம்பெனிகளின் முத்திரையோடு கப்பல் ஏறும் ஷூக்கள் இங்கே தைக்கப்படுகின்றன. தாவரப் பட்டையில் பதனிடும் ‘ஈ.ஐ. தோல்’ என்ற நம் தமிழ்நாட்டுத் தோலும் புவிசார் குறியீடு பெற்றதுதான். இது எத்தனை தொழிலாளிகளுக்குத் தெரியும்?

நம் மாலைநேரப் படிப்பு வட்டத்தில் பிராடா செய்தியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினோம். பத்தாம் வகுப்பு படிக்கிற பெண் சொன்னாள்: “எங்கம்மா கம்பெனில அப்பர் தைக்கிறாங்கண்ணா. அடி ஒட்டுறது வேற பக்கம். முழு ஷூ எப்படி இருக்கும்னு அம்மாவுக்கே தெரியாது.” பக்கத்தில் இருந்த பையன் கேட்டான்: “அந்த ஷூ என்ன விலைன்னாவது தெரியுமாக்கா?” அவளுக்குத் தெரியவில்லை. அங்கே இருந்த பெரியவர்களான நமக்கும் தெரியவில்லை.

கோலாப்பூர்க் கைவினைஞருக்குச் செருப்பு முழுசாகத் தெரியும், பெயர்தான் போகவில்லை. ஆம்பூர்த் தொழிலாளிக்குத் தன் கையால் தைத்த பொருளே முழுசாகக் கண்ணில் படுவதில்லை. அழகான கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இந்த இரண்டு இழப்புகளும் இருக்கின்றன.

இன்னோர் இழப்பையும் மறக்கக் கூடாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு ஜோடி ஷூவின் விலையில் இந்த உயிர்களின் கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

தோலின் இன்னொரு குரல்

செருப்பான தோல் ஒரு பக்கம்; பறையான தோல் மறுபக்கம். வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக் குச்சியும் கொண்டு அடிக்கும் பறை, நீண்ட காலம் சாவுக்கும் கோயில் கொடைக்கும் கட்டாய ஊழியமாகவே இருந்தது. அதனால்தான் எத்தனையோ ஊர்களில் நம் முன்னோர் ‘இனிப் பறை அடிக்க மாட்டோம்’ என்று சொல்லி, அடி வாங்கி, வேலை இழந்து, ஊரைவிட்டே போனார்கள். அதுவும் போராட்டம்தான்.

1990களில் மதுரை அரசரடியில் இயங்கிய தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலைவிழா பறையை விடுதலைக் கருவியாக மேடை ஏற்றியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதல் முறை மேடை ஏறியது; சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர் அது. கானா, பறை, ராப் மூன்றும் கலந்தன. ஒவ்வோர் ஏப்ரலிலும் தலித் வரலாற்று மாதத்தையொட்டி நீலம் பண்பாட்டு மையம் வானம் கலைத்திருவிழா நடத்துகிறது. பொங்கல் நேரத்தில் அரசின் சென்னை சங்கமம் விழாவிலும் பறை ஒலிக்கிறது. 2025இல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மேடையில் பறைக்குக் கைதட்டல், சரி. அதே பறையை அடிக்கும் அண்ணன் தன் ஊருக்குத் திரும்பினால், சாவு வீட்டில் ஒதுக்குப்புறத்தில் நின்று அடித்து, தனியே வைத்த குவளையில் தேநீர் குடிக்க வேண்டிய ஊர்களும் இன்னும் இருக்கின்றன. கல்லூரி விழாவுக்கு அழைக்கிறவர்கள், பாட்டுக் கச்சேரிக்காரருக்கு ஒரு தொகையும் பறைக் குழுவுக்கு வேறு தொகையும் பேசுகிறார்கள். அழைப்பிதழில் பரதக் கலைஞரின் பெயர் இருக்கிறது; பறைக்கு மட்டும் ‘பறையாட்டம்’ என்று கலையின் பெயர் மட்டும் இருக்கிறது. பிராடா ‘தோல் செருப்பு’ என்று எழுதியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நாம் செய்யக்கூடியவை

முதல் வேலை, பெயர் போடுவது. உங்கள் ஊர் விழாவிலோ பள்ளி ஆண்டு விழாவிலோ பறைக் குழுவை அழைத்தால், அழைப்பிதழில் ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் அச்சிடுங்கள். தொகையை முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். பயணச் செலவு, உணவு, ஒப்பனை அறை எல்லோருக்கும் கொடுப்பதைப் போலவே கொடுங்கள். கலைஞர்கள் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லையென்றால் படிவம் நிரப்ப உதவுங்கள். படித்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது, கணக்குக் கேட்பது. எந்த நிறுவனமும் நம் மக்களோடு ‘கூட்டு’ என்று அறிவித்தால், ஜோடிக்கு எவ்வளவு கூலி, யார் கையில் வருகிறது, எத்தனை நாளில் வருகிறது என்று கேட்க வேண்டும். நம் பெயரில் நிறுவனம் நடத்துகிற அரசுக் கழகங்களையும் கேட்க வேண்டும். அவை யாருக்காக அமைக்கப்பட்டனவோ அவர்களுக்குப் பதில் சொல்வது அவற்றின் கடமை.

மூன்றாவது, முடிவெடுக்கும் நாற்காலியில் போய் உட்காருவது. இது மாணவர்களுக்கு. தோலை நாம் கையால் மட்டும் அறிந்தால் போதாது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிப்பு இருக்கிறது, அடையாறில் 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு அடுத்தாற்போல் இருக்கிறது. தரமணியில் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்பக் கல்லூரி. எழும்பூர்ப் பக்கத்திலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள். மத்திய அரசுக் கல்வி நிலையங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடம் உண்டு. மாநில அரசின் கல்லூரிகளில் 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அந்த உள் ஒதுக்கீட்டின் அடிப்படையை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

‘மறுபடியும் செருப்புத் தொழிலுக்கே போகச் சொல்கிறீர்களா?’ என்று சிலர் கோபப்படலாம். அந்தக் கோபம் நியாயமானது. பிறப்பால் திணிக்கப்பட்ட வேலையிலிருந்து வெளியேறுவது எவருடைய உரிமையும்தான். மருத்துவராகவோ ஆட்சியராகவோ ஆக விரும்பும் பிள்ளையிடம் குலத்தொழில் பெருமை பேசுவது அநியாயம். நாம் சொல்வது, அந்தத் தொழிலில் உலகச் சந்தை பெரும்பணம் பார்க்கும் நேரத்தில், அதன் வடிவமைப்பும் விலையும் உரிமமும் வேறு எவர் கையிலோ போய்விடக் கூடாது என்பது. போக விரும்புகிறவர் கூலியாகப் போகாமல் உரிமையாளராகப் போகட்டும். போக விரும்பாதவர் தலை நிமிர்ந்து வேறு வழியில் போகட்டும்.

வரும் ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் விழாவுக்கு உங்கள் ஊரில் ஏற்பாடு தொடங்கும்போது, ஒரு மேசையை ஒதுக்குங்கள். ஊரில் செருப்புத் தைத்த தாத்தாவின் உளி, பறை கட்டிய பெரியப்பாவின் சட்டம், அம்மா கம்பெனியில் தைத்துவரும் அப்பரின் மாதிரி, பாய் முடையும் பாட்டியின் வேலை எல்லாவற்றையும் அதில் வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் செய்தவரின் பெயர், எத்தனை ஆண்டு அனுபவம், ஒரு நாள் கூலி எவ்வளவு என்று எழுதி ஒட்டுங்கள். பார்க்க வருகிறவர்கள் முதலில் பெயரைப் படிக்கட்டும், பிறகு கூலியைப் படிக்கட்டும்.